மொட்டை டயரின் நியாயம்

2017-க்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் முழங்கால் அளவு உப்புநீரிலும் ஆள் ஏற்றிப் போனவை பழைய ஜீப்புகளும் ஃபோர் வீல் வேன்களும்தான். அப்படி ஒரு வேனின் பின்சக்கரத்தருகே ஓட்டுநர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால்வில் தீக்குச்சியைக் கொடுத்துக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். மானி எதுவும் கிடையாது. கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பார்ப்பார். போதாதென்று பட்டால் இன்னும் கொஞ்சம் இறக்குவார். டயரில் பட்டன் முழுக்கத் தேய்ந்திருந்தது. இந்த மொட்டை டயரை வைத்துக்கொண்டா மணலில் இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். “காத்து இருந்தா பொதையும் சார். காத்து போனாத்தான் வண்டி போகும்” என்றார். மொட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேள்வியாகவே அவர் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சென்னையிலும் கோவையிலும் இன்று லட்சக்கணக்கில் செலவழித்து ‘ஆஃப்ரோடு’ வண்டி தயாராகிறது. அந்த வேலையை இந்தத் தீக்குச்சியோடு வைத்து அளந்து பார்க்கலாம். செய்த மாற்றம் போகிற நிலத்துக்குப் பொருந்துகிறதா, ஒரு மாற்றம் மற்றொன்றின் பயனைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். தோரணைக்கு இந்த மதிப்பீட்டில் மதிப்பெண் இல்லை.

முதலில் நிலம். ராமேஸ்வரத்துக்காரர்கள் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்பார்கள். பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தப் பெயர்கள் வழிகாட்டிப் பலகை மாதிரி. ஆண் கடல் பக்கம் அலையும் காற்றும் குவித்த தளர்ந்த மணல். கச்சான் வீசும் மாதங்களில் அதுவே நகர்ந்து வந்து சாலையில் ஏறும். பெண் கடல் பக்கம் வற்றிய களப்பு: மேலே விரல் கனத்துக்கு உப்புப் பொருக்கு, அடியில் களிச்சேறு. பார்வைக்குக் கெட்டித் தரைபோலக் கிடக்கும். சக்கரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும். தெற்கே நிலப்பரப்பில் மாரியூர், வாலிநோக்கம் உப்பள ஓரங்களும் இந்த இரண்டாம் வகைதான். பாறை ஏற்றமோ காட்டு ஓடையோ மரவேரோ இங்கே கிடையாது. வண்டி எதில் ஏறும் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. எவ்வளவு புதையும் என்பதுதான் கேள்வி.

புதைவதற்குக் கணக்கு உண்டு. 1,200 கிலோ வண்டியில் சக்கரத்துக்கு 300 கிலோ என்று வைப்போம். டயரில் 30 பிஎஸ்ஐ காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ, அந்த 300 கிலோவைத் தாங்க டயர் சுமார் 143 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மண்ணைத் தொட வேண்டும். 15-க்கு இறக்கினால் பரப்பு இரட்டிப்பாகிறது. பக்கவாட்டின் விறைப்பால் நடைமுறையில் எண்கள் சற்றுப் பிசகும், போக்கு மாறாது. கூடும் பரப்பும் பெரும்பாலும் நீளவாக்கில் கூடுவதால், சக்கரம் தன் முன்னால் தள்ளிக்கொண்டு போகும் மணல்மேடு தணிகிறது. அப்படியானால் எடை எவ்வளவு இருந்தால் என்ன, கனத்த வண்டிக்கும் காற்றை இறக்கிவிட்டால் ஆயிற்றே என்று வாசகர் மடக்கலாம். நியாயமான மடக்கு. ஆனால் எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு எல்லை வகுப்பதே எடைதான். கனத்த வண்டியில் அதே டயர் அதே 15-இல் ரிம் வரை நசுங்கும். வளைத்துத் திருப்பினால் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும். ஆக, கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டயரில் இறக்கக்கூடிய காற்றைக் குறைக்கிறது.

மொட்டை டயரின் நியாயமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆழமான பட்டன் வைத்த சேற்று டயர் மணலில் சுழன்றால் மண்வெட்டிபோலக் குழி தோண்டும். வழவழத்த டயர் மேலோடு நகரும்.

இது ஒன்றும் ராமேஸ்வரத்தின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1920களிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்தைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்தபோது செய்தவை இவைதாம்: காற்றை இறக்கினார், தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்தார், புதைந்த சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடுகளைக் கொடுத்தார். மணல் நகர்வது பற்றி 1941-இல் அவர் எழுதிய நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூல். 1940-இல் அவர் அமைத்த நெடுந்தொலைப் பாலைவனப் படை பெரிதும் நம்பியிருந்த செவ்ரலே லாரிகள் பின்சக்கரத்தில் மட்டும் ஓடியவை. நாலு சக்கர இயக்கம் இல்லாமலே அந்த மணலைக் கடந்திருக்கிறார்கள் என்பது நம் காலத்து உதிரிப்பாகப் பட்டியலைப் பார்க்கும்போது உறுத்த வேண்டிய செய்தி.

பட்டியலுக்கு வருவோம். நான்கு அங்குல உயர்த்தல், சேற்று டயர், என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நார்கல், கம்பி கட்டி இழுக்கும் வின்ச், முன்பின் இரும்பு பம்பர், கூரைக் கம்பித்தட்டு. இந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. மலேசியாவில் 1997-இல் தொடங்கி 2014 முதல் கோவாவிலும் நடந்த மழைக்காட்டுப் போட்டியின் இலக்கணம் இது. மழையில் ஊறிய சரிவும் வெள்ளம் ஓடும் ஓடையும் பிடித்து இழுக்க மரங்களும் உள்ள நிலத்துக்கு இந்தப் பட்டியல் செவ்வனே பொருந்தும். ஒவ்வொன்றும் மற்றதற்குத் துணை நிற்கும். அங்கு இது முறை. கடற்கரைக்கு அப்படியே எடுத்துவந்தால் வேஷம்.

வின்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியை எதில் மாட்டுவது? தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை மணலில் மரம் ஏது? ஸ்டெப்னியை ஆழப் புதைத்து அதில் மாட்டலாம். அந்தக் குழியை வெட்டும் நேரத்தில் நாலு சக்கரத்தின் அடி மணலையும் அள்ளிவிட்டு இரண்டு பலகை கொடுத்து வெளியே வந்துவிடலாம். கூட ஒரு வண்டி இருந்தால் இழுகயிறு போதும். உயர்த்தலுக்கும் இங்கே வேலை குறைவு: தட்டையான நிலத்தில் அடிவயிறு இடிப்பதில்லை, சக்கரம் புதைந்த பிறகுதான் இடிக்கிறது. உயர்த்திய வண்டியோ மணல்மேட்டின் சரிவில் குறுக்காகப் போகும்போது கவிழத் தயாராக நிற்கிறது; புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு அதன் கிராஸ் மூட்டு அடி வாங்குவது தனிக் கதை. பெரிய ரிம் மோகம் எல்லாவற்றிலும் மோசம். டயரின் வெளியுயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு 18 அங்குல ரிம்மை 20 ஆக்கினால், நசுங்கிக் கொடுக்க வேண்டிய பக்கவாட்டில் 25 மில்லிமீட்டர் போய்விடுகிறது. காசு கொடுத்துக் குறையை வாங்குவது என்பது இதுதான்.

ஸ்நார்கலுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் தண்ணீரில் இறங்குவது இங்கே உண்மையான பிரச்சினை. இந்தக் களப்புகளில் ஆழம் முழங்காலைத் தாண்டினால் விவரமானவர் இறங்கமாட்டார். என்ஜின் மூச்சுவிடும் உயரத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. ஆபத்து கீழே. ஓடிச் சூடேறிய, அச்சின் நடுவிலுள்ள கிரவுன் ஹவுசிங் உப்புநீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இடத்துக்குப் பிரீதர் எனும் காற்றுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் கடல்நீர் உறிஞ்சப்படுகிறது. சில நாள் கழித்து டிரெயின் நட்டைக் கழற்றினால் ஆயில் பால் நிறத்தில் ஒழுகும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி என்ஜின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் இந்தக் கதை முடிந்தது. ஸ்நார்கலின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மழைக்காட்டுத் தோரணையில் வரும் வண்டிகளின் அடியில் படுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஸ்நார்கல் இருக்கும், இந்தக் குழாய் பெரும்பாலும் இருக்காது.

வாலிநோக்கம் உப்பள ஓரத்தில் ஒருமுறை பார்த்தது. உயர்த்திய ‘தார்’ வண்டி ஒன்று, மேலே சொன்ன பட்டியல் முழுவதையும் சுமந்துகொண்டு, பொருக்குக்குள் ஹப் வரை இறங்கியிருந்தது. சொந்தக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சேற்று டயர் சேற்றையே வாரி இறைத்தது. சேற்று டயர் சேற்றிலாவது பலிக்க வேண்டாமா? அடியில் கெட்டித் தரை கிடைக்கும் சேற்றில்தான் பலிக்கும். இங்கே தோண்டத் தோண்டக் களி. கடைசியில் உப்பளத்து ஆட்கள் ஆறுபேர் வந்து முதலில் செய்தது, கூரையிலிருந்த சாமான்களையெல்லாம் இறக்கி வரப்பில் வைத்ததுதான். பிறகு காற்றை இறக்கினார்கள், பலகை போட்டார்கள், தள்ளினார்கள். வின்ச் கம்பி சுற்றிய வாக்கில் பளபளவென்று இருந்தது.

வண்டிகளின் தராதரம். 1985-இல் வந்த ஜிப்ஸி ஏறத்தாழ ஒரு டன். ஸ்பிரிங் பட்டைகளின் முரட்டுத்தனத்தில் முதுகு நொந்தாலும் மணலில் அதன் எடையே அதன் தகுதி. 2023-இல் வந்த ஜிம்னி 1,200 கிலோவை ஒட்டியது. அதன் ஒல்லியான 195 டயரைப் பலர் ஏளனம் செய்கிறார்கள். 15 அங்குல ரிம்மும் 156 மில்லிமீட்டர் பக்கவாட்டும் அந்த ஏளனத்துக்குப் பதில். குறை வேறிடத்தில்: சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்துப் பலத்தை மறுபக்கம் அனுப்பும் அதன் ஏற்பாடு, மணலில் மிக அவசியமான ஓட்டத்தையே தின்கிறது. 2020-ஆம் ஆண்டின் தார் பலத்தில் மேல், பின் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழற்றும் இயந்திரப் பூட்டு உண்டு. 1,700 கிலோவைத் தாண்டிய எடை அந்த மேன்மையில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவின் இரு அச்சுப் பூட்டுகளைப் பொறியியல் நேர்மைக்காகப் பாராட்டுவேன். ஆனால் அது இன்னும் கனம். முன் அச்சைப் பூட்டினால் மணலில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பழைய வேன்களை நான் புனிதப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். முறையில் அவை சரி, பொறுப்பில் தவறு. மணலுக்கு இலேசாக்கிய வண்டியில் கொள்ளாத அளவுக்கு ஆளை அடைத்தார்கள். கழித்த எடை மனிதர்களாகத் திரும்பி ஏறியது. பெல்ட் கிடையாது. உப்பு தின்ற பிரேக் குழாய்களை யாரும் பார்த்ததாகத் தோன்றவில்லை. சேஸிஸில் கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடிப்பது துருவைத் தள்ளிப்போட்டது உண்மை. அதே கலவை ரப்பர் புஷ்களை ஊதவைத்தது, மணலை ஒட்டவைத்து அரைத்தது, மிச்சத்தைக் கடலில் சொட்டியது. நல்ல தண்ணீர் அருமையான தீவில் தினமும் வண்டியைக் கழுவு என்று சொல்வது எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மணலில் வாழ்ந்த அந்த மொட்டை டயர், ராமேஸ்வரம் திரும்பும் ஈரத் தாரில் கொலைகாரன்.

சட்டத்தை ஒரு வரியில் முடிக்கலாம்: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறான மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்துவிட்டது, அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. நான் பொருத்தமற்றவை என்று தள்ளிய உயர்த்தலும் இரும்பு பம்பரும் பெரும்பாலும் இந்த வலையில் விழுகின்றன. காற்றை இறக்குவதும் பலகை வைத்திருப்பதும் விழுவதில்லை. தற்செயல்தான் என்றாலும் இனிமையான தற்செயல்.

என் தீர்ப்பு இது. இந்தக் கடற்கரைக்கு ஜிம்னியோ, நல்ல நிலையில் கிடைத்தால் ஜிப்ஸியோ, கம்பெனி உயரத்திலேயே. சாலைக்கும் மணலுக்கும் பொதுவான, பக்கவாட்டு வலுவான டயர்; பிரீதர் குழாய்; மூடிய சேஸிஸுக்குள் மெழுகுப் பூச்சு; இரண்டு பலகை, மண்வெட்டி, இழுகயிறு. தீக்குச்சிக்குப் பதில் மானி. அந்த ஓட்டுநருக்குத் தேவைப்படாத ஒன்றும் இன்று தேவை: காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அரை நூற்றாண்டு சாலையில்லாமல் கிடந்த முனைக்கு 2017 ஜூலை 27-இல் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்தாகிவிட்டது. இறக்கிய டயரோடு அதில் ஓட்டினால் பக்கவாட்டு வெந்துவிடும்.

அரிச்சல்முனைக்கு இப்போது மாருதி 800-ம் போகிறது. சாலைக்கு இருபுறமும் மிஞ்சியிருக்கும் மணலுக்கு வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடியின் 524 ஹெக்டேர்ச் சொச்சம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் மணலேறி முட்டையிடுகின்றன. காற்றை எவ்வளவு இறக்கினாலும் டயர் ஒரு தடம் போடும். இரவில் மணலைவிட்டு மேலே வந்து கடலைத் தேடும் ஆமைக்குஞ்சுக்கு அது ஏற முடியாத வாய்க்கால். விடியும்வரை அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். என் பட்டியலில் இந்தக் குறைக்கு மட்டும் எதிரே எழுத ஒரு பாகமும் இல்லை. ஆகவே மேலே சொன்ன வண்டியை வனத்துறை ரோந்துக்கும் மீட்புக்கும் மீன் ஏற்றப் போகும் வழிக்கும் முழு மதிப்பெண்ணோடு பரிந்துரைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு, எவ்வளவு நன்றாகத் தயாரித்திருந்தாலும், இல்லை.