ஒருமையும் துனியும்

சீனத்துச் சுன் சூ இயற்றியதாக வழங்கும் 13 அதிகாரப் போர்நூல், வெற்றிக்குரிய ஐந்து கூறுகளுள் நெறியையே முதலில் வைக்கின்றது. காலமும் நிலமும் தளபதியும் ஒழுங்கும் அதற்குப் பின்னரே. மக்களை ஆள்வோனோடு ஒரே மனத்தினராக்கி, சாவுக்கும் அஞ்சாது நிற்கச் செய்வதே நெறி என்பது அந்நூலின் விளக்கம். இதற்குத் தலையசைத்த நாம், பதினோராம் அதிகாரத்தில் திடுக்கிட்டோம். அங்கே தளபதி தன் திட்டத்தை வீரர்க்கு மறைக்கின்றான். ஆட்டு மந்தையென ஓட்டிச் சென்று, மீள வழியில்லாத இடத்தில் நிறுத்துகின்றான்.

சிமா சியன் எழுதிய வரலாற்றில் ஊ சீ என்னும் தளபதி, வீரன் ஒருவனது புண்ணின் சீழைத் தன் வாயால் உறிஞ்சுகின்றான். கேள்வியுற்ற தாய் அழுதாள். அவன் தந்தைக்கும் முன்னர் இவ்வாறே செய்தானாம். அவர் புறங்காட்டாது போரிட்டு மடிந்தாராம். தலைவனது அன்பின் விலை அத்தாய்க்குத் தெரிந்திருந்தது!

வள்ளுவரும் தலைவரில்லாப் படை படையன்று என்றே படைமாட்சி அதிகாரத்தை முடிக்கின்றார். ஆயின் அதற்கு முந்தைய குறளில், படை தேய்தலும் நீங்காத வெறுப்பும் வறுமையும் இல்லையேல் அப்படை வெல்லும் என்கின்றார். அவ்வெறுப்புக்கு அவர் இட்ட சொல் துனி. அது தலைவன்பால் தோன்றுவது என்றே நாம் பொருள் கொள்கின்றோம். வீரரை எவ்வாறு ஒன்றாக்குவது என்பது சுன் சூவின் கவலை. அவர்கள் ஏன் மனம் பிரிகின்றனர் என்பது வள்ளுவரின் கவலை. தொண்டர் பக்கம் நின்று கேட்ட கேள்வி இதுவே.

இடுக்கி மலையில் வாழும் நம்மவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2015 செப்டம்பரில், போனஸ் 10 விழுக்காடே என்ற அறிவிப்பைக் கேட்ட மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காடு கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நெடுங்காலம் தாம் சந்தா கொடுத்துவந்த தொழிற்சங்கங்களின் தலைவர்களை அருகே வரவிடவில்லை. வறுமை முன்பே இருந்தது. நிருவாகத்தோடு தலைவர் இணங்கிப் போயினர் என்ற எண்ணம் துனியாய் முற்றியிருந்தது. ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாகக் கேட்டது கிடைத்தது.

அவர்கள் தமக்கிட்ட பெயர் 'பெண்பிள்ளை ஒருமை'. மலையாளத்தில் ஒருமை என்பது ஒற்றுமை. நம் இலக்கணத்திலோ அது ஒன்றைக் குறிக்கும் எண். இரு பொருளும் அந்நாள்களில் பொருந்தின. பின்னர் அவ்வமைப்பின் தலைவியரிடையே பிளவு நேர்ந்தது. துனியைச் சொன்ன குறளை அடுத்தே தலைமையைச் சொல்லும் குறள் நிற்பதை அப்போதுதான் நாம் கவனித்தோம்.