ஏடும் உடையவரும்

கார்த்திகைப் பூரணை கழிந்த மறுநாள் தொடங்கி இருபத்தொரு நாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளையார் கோயில்களில் பெருங்கதை விரதம் நடக்கும். இருபத்தோரிழைக் காப்பு, ஒருநேர உணவு, மாலையில் பிள்ளையார் கதை. மண்கும்பானில் வெள்ளைப் புற்றடி விநாயகரை வணங்கி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுன்னாகம் வரதபண்டிதர் பாடிய அந்தக் கதை முந்நூறு ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வருகிறது. ஏட்டிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து அச்சுக்கும் வந்து, இன்று கைக்கடக்கமான சிறு புத்தகமாகிவிட்டது. நூல் பிழைத்தது, அதைச் சுமந்து வந்த ஏடுகளும் அவற்றுக்கு உடையவர்களும் மறைந்துபோனார்கள். இது நம் மரபின் வெற்றியா, குறையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் இதையொத்த ஒரு நூல் இருந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை வசதியுள்ள கிறிஸ்தவ வீடுகளில், பகலும் இரவும் எந்த வேளையில் எந்தச் செபம் என்று வகுத்த இலத்தீன் செபப் புத்தகம் இருக்கும். தோலில் எழுதி, பொன் தகடு ஒட்டி, ஆப்கானிஸ்தானத்துப் படக்‌ஷானிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்துத் தீட்டிய படங்களுடன் செய்யப்பட்டவை அவற்றுள் சிறந்தவை. நூலின் முன்பகுதியில் திருநாள் அட்டவணை இருக்கும். அதன் ஓரங்களில் உடையவர்கள் பிள்ளை பிறந்த நாளையும் பெற்றோர் இறந்த நாளையும் எழுதி வைத்தார்கள். 1538இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, புனித தோமஸ் பெக்கற்றின் பெயரை எல்லாப் புத்தகங்களிலிருந்தும் அழிக்கக் கட்டளையிட்டார். சிலர் பெயரைச் சுரண்டியே எடுத்தார்கள். வேறு சிலர் மெல்லிய கோடொன்றை இழுத்து, பெயர் தெரியும்படியே விட்டார்கள். அரசனுக்கு அஞ்சிய ஒரு குடும்பம் தன் மனத்துக்குள் யாரை வணங்கியது என்பதை, ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கிறது. உடையவர் கைபட்ட பழைய புத்தகம் அப்படியே நிலைத்ததால் கிடைத்த செய்தி இது.

நம் வழி வேறு. உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்த தீவகத்தில் பனையோலை நெடுங்காலம் நிற்காது. ஆகவே பழைய ஏடு நைந்ததும் புதிய ஏட்டில் படி எடுத்தார்கள். இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணியைத் தாங்கி, எழுத எழுத ஓலையை நகர்த்துவார்கள். பிறகு கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால் கீறிய இடம் கறுத்து எழுத்துத் தெரியும். இந்த முறையின் பெரும்பலம், நூல் ஒரு பொருளைச் சார்ந்து நிற்கவில்லை என்பதே. ஓர் ஏடு எரிந்தால் அடுத்த ஊரில் இன்னொன்று இருக்கும். ஒருவர் படிக்க மற்றவர் பயன் சொல்லும் புராணப் படிப்பு வேறு நடந்ததால், பாதி நூல் கேட்டவர் நெஞ்சிலும் இருந்தது. எழுத்தறியாத கிழவிக்கும் கதை பாடமாக இருந்ததற்கு இதுவே காரணம். செல்வர் வீட்டுப் பெட்டகத்தில் பொன்னால் மின்னிய இலத்தீன் நூலுக்கு இந்தப் பேறு எளிதில் வாய்க்கவில்லை.

ஆனால் படியெடுப்பில் இழந்தவையும் சிறியவையல்ல. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். அதனால் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவம். ‘கொடு’ என்பதா ‘கோடு’ என்பதா என்று படிப்பவர் தாமே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் தவறாக முடிவு செய்து படி எடுத்தால் அதன் பின் வரும் படியெல்லாம் அந்தத் தவறே வரும். அதைவிடப் பெரிய இழப்பு கடைசி ஏட்டில் நேர்ந்தது. யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எந்த நாளில் முடித்தது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும். ஆண்டையோ அறுபதாண்டுச் சுற்றுப் பெயரால் எழுதினார்கள். ‘பிலவ வருடம் ஆவணி மாதம்’ என்றிருந்தால் அது 1841ஆ, 1901ஆ, 1961ஆ? எழுதியவரின் பாட்டன் பெயர் தெரிந்தால் சொல்லிவிடலாம். புதிய படி எடுத்தவர் முன்னவரின் குறிப்பை விட்டுவிட்டுத் தம் பெயரை எழுதினால், அந்த வழியும் அடைபட்டது. பழைய ஏடோ ஆற்றுக்கும் நெருப்புக்கும் போயிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். இட்டவர்கள் கெட்டவர்களல்லர்; மதிப்போடு செய்த சடங்கு அது. அந்த மதிப்புத்தான் நூலை அழித்தது.

வீட்டு ஏட்டைப் பட்டில் சுற்றிச் சாமியறையில் வைத்து, சரஸ்வதி பூசைக்கு மட்டும் எடுக்கும் வழக்கத்தையும் இப்படியே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சாமியாகக் கருதியதால் யாரும் விற்கவில்லை, பிரிக்கவில்லை. ஐரோப்பியச் செபப் புத்தகங்கள் பலவற்றுக்கு இந்தக் காப்பு இல்லாமற் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஒட்டோ ஈகே என்பவர் பழைய கையெழுத்து நூல்களைத் தாள் தாளாக வெட்டி விற்றார். கிளீவ்ஸ் கத்தரீனின் புகழ்பெற்ற செபப் புத்தகத்தை 19ஆம் நூற்றாண்டில் வணிகர் இரண்டாகப் பிரித்துவிட்டார். நியூயோர்க் மோர்கன் நூலகம் 1963இல் ஒரு பாதியையும் 1970இல் மறு பாதியையும் வாங்கித்தான் சேர்த்தது. ஆனால் அவிழ்க்காத ஏட்டைப் பூச்சி தின்னும். வசம்பும் வேப்பெண்ணெயும் ஏட்டுக்கு நல்லவை என்று அறிந்த வீட்டிலேயே, தொட்டால் குற்றம் என்ற அச்சத்தால் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டு அவிழ்வதில்லை. வைத்திய ஏடுகளில் நிலை இன்னும் மோசம். பரம்பரைக்கு வெளியே காட்டக்கூடாது என்று மறைத்தவரோடு மருந்தும் போனது. இந்தக் கட்டுப்பாட்டுக்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

பிறகு கலவரமும் போரும் வந்தன. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் அழிந்தன. வீட்டில் காக்க முடியாது என்று நம்பி நூலகத்துக்குக் கொடுத்தவர்களின் நம்பிக்கையும் அங்கே எரிந்தது. 1990இல் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவு மக்கள் பட்டது சொல்லி முடியாது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் வீட்டு அரபுத் தமிழ் நூல்களும் நாதியற்றுப் போயின. ஓடுகிறவர் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுப்பார். ஏட்டுக் கட்டை எடுக்க இரண்டு கை போதாது. ஓடு கழன்ற வீட்டில் ஒரு மாரி போதும்.

இந்த இடத்தில் தனிநாயகம் அடிகளாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மண்கும்பான் இருக்கும் அதே வேலணைத் தீவில், கரம்பொன்னில் 1913இல் பிறந்தவர். ஐரோப்பிய நூலகங்களில் தேடி, ஆதித் தமிழ் அச்சு நூல்களை நம் கவனத்துக்குக் கொண்டு வந்தவர். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவரே. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட செபநூல். இன்று அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கடல் கடந்த உடையவர்கள் பத்திரப்படுத்தியதால் அது தப்பியது. ஆனால் அதைக் கையில் ஏந்திச் செபம் சொல்வார் இல்லை. பிள்ளையார் கதைக்கோ வாசிப்பார் உண்டு, பழைய ஏடுகளின் வரலாறு இல்லை. ஒரு நூலுக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் தீர்ப்பு. படியெடுத்தும் பாடியும் காத்த நம் முறை, நூலைக் காத்ததில் தேறியது. உடையவரைக் காத்ததில் தவறியது.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வருவது, 1981க்கு நாம் தந்த சிறந்த பதில்களில் ஒன்று. பல இடங்களில் பல பிரதி என்ற பழைய படியெடுப்பின் பலம் அதில் திரும்பி வந்திருக்கிறது. ஏட்டைப் படமாகவே எடுப்பதால் எழுத்துப் பிழையும் புகாது. பழைய குறையும் கூடவே வராமல் பார்ப்பது ஏடு கொடுப்பவர் பொறுப்பு. ஏட்டின் படத்தில் எழுத்துத் தெரியும். அது யார் வீட்டு அலமாரியில் இருந்தது, எந்த விரதத்துக்கு அவிழ்க்கப்பட்டது, எந்த இடப்பெயர்வில் யார் தூக்கி வந்தார் என்பதெல்லாம் படத்தில் வராது.

ரொறன்ரோவிலோ பாரிஸிலோ கொழும்பிலோ உங்கள் வீட்டில் ஓர் ஏட்டுக் கட்டு இருந்தால், படமெடுக்கக் கொடுக்கும் முன் வீட்டிலுள்ள மூத்தவரை இருத்தி, இந்த விவரங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்டை எண்ணால் எழுதுங்கள். மரச்சட்டம், கயிறு, எழுதாத வெற்றேடு எதையும் கழற்றி எறியாதீர்கள். எல்லாவற்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். எழுதிய தாளையும் கட்டோடு சேர்த்தே கொடுங்கள்.