லயத்து வரிசை

கட்டடக்கலை என்றால் கோபுரம், கோட்டை, அரண்மனை என்பதே நம்மவருள் பெரும்பாலோர் எண்ணம். உழைப்பவன் உறங்கும் வீட்டை ஆராய்வது வீண்வேலை என்று கருதுவாரும் உளர். அக்கருத்து தவறென்பது நமது துணிபு. மாளிகை ஒருவனுடைய ஆசையைக் காட்டும். ஏழையின் வீடோ ஒரு சமுதாயத்தின் நீதியைக் காட்டும்.

இங்கிலாந்தில் பைபரி என்னும் சிற்றூரில் ஆர்லிங்டன் வரிசை என்ற கல்வீட்டு வரிசை ஒன்றுண்டு. 1380-ஆம் ஆண்டளவில் மடத்தாரின் கம்பளிக் கிடங்காக எழுந்து, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. அங்கு வாழ்ந்தோர் செல்வரல்லர். ஆயினும் தடித்த கற்சுவரும், சரிந்த கல்லோட்டுக் கூரையும், வீடுதோறும் தனி வாயிலும் அவர்க்கு வாய்த்தன. இன்று அந்நாட்டின் தேசிய அறக்கட்டளை அதனைக் காத்து வருகிறது; தூரதேசத்தாரும் சென்று கண்டு வியக்கின்றனர்.

நம் பேராக்கிலும் வீட்டு வரிசைகள் எழுந்தன. அவையே ரப்பர் தோட்டத்து லயங்கள். பலகைச் சுவர், அத்தாப்பு அல்லது தகரக் கூரை, குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னே பொதுவான அஞ்சடி, தொலைவில் பொதுக் குழாய், பொதுக் கக்கூசு: பழைய லயத்தின் இலக்கணம் இவ்வளவே. முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளில் காற்று நுழைய வழியில்லை. துரையின் பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் நின்றன. விடியுமுன் பிரட்டுக்கு ஆட்களைத் திரட்டுவதற்கே இவ்வரிசை வசதியாயிருந்தது, வாழ்வதற்கன்று. ஆகவே, குற்றம் வரிசையாகக் கட்டியதிலன்று, யாருக்காகக் கட்டினர் என்பதிலேயே உளது.

நம்மவர் குற்றத்தையும் மறைத்தலாகாது. கடல் கடந்து வந்தும் சாதியைக் கைவிடாமல், தாழ்த்தப்பட்டோருக்கு வேறு லயம் என்று ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. துரை எழுப்பிய சுவர் பலகைச் சுவர். நாம் எழுப்பியதோ அதனினும் வலிய சுவர்.

பத்துகாஜாவுக்கு அருகே கெல்லி மாளிகையைக் காணாதார் நம்மில் சிலரே. ஸ்காத்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய அவ்வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். கொள்ளைநோய் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. 1926-இல் உரிமையாளர் லிஸ்பனில் இறக்க, மாளிகை முற்றுப்பெறாது நின்றது. ஒரு நாளும் எவருக்கும் இல்லமாக நிறைவுறாத அக்கட்டடம் இன்று காட்சிப்பொருள். அதைக் கட்டியோரின் இனத்தார் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று, பிணமெடுத்து, பொங்கலிட்டு வாழ்ந்த லயங்களோ தோட்டம் கைமாறுந்தோறும் இடிபடுகின்றன. இது முறையா?

“அவமானச் சின்னம் அழியட்டுமே” என்பர் நண்பர் சிலர். அவமானம் ஒழிய வேண்டுவதே. சாட்சியும் ஒழிய வேண்டுமோ? சாட்சி ஒழிந்தால், “அன்று எல்லாம் நன்றாகவே இருந்தது” என்று நாளை எவரும் கூறலாம்.

தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவுகளை விதித்து 1966-இலும், பின்னர் 1990-இலும் சட்டங்கள் வந்தன. ஆயினும், வேலை போனால் வீடும் போம் என்ற நிலையைச் சன்னலும் குழாயும் மாற்றவில்லை. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர் பணத்தாலேயே தோட்டங்களை வாங்க முற்பட்டது, சுவரைவிட உரிமையே முதன்மை என்று கண்டதனாலன்றோ?

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. தோட்டத்தில் உழைத்த குடும்பத்துக்குச் சொந்த வீடு வேண்டும். எஞ்சிய லயங்களுள் ஒன்றையேனும் அளந்து, வரைந்து, அங்கு வாழ்ந்த மூத்தோர் வாய்மொழியுடன் காத்தல் வேண்டும். சிலிபினிலும் ஈப்போவிலும் உள்ள நம் சங்கங்கள் பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். மூத்தோர் இருக்கும்போதே அதைச் செய்க.