கோட்டில் ஓடும் அலை: ஒரு மதிப்பீடு

இயற்பியலாளர்கள் சோமர்ஃபெல்ட், செனெக் காலத்திலிருந்து பரப்பலை ஆய்வு, அலையை ஒரு பரப்போடு கட்டி வைப்பது எப்படி என்றே கேட்டுவந்தது. சான் டியேகோவின் பிஷாராத்தும் சீவன்பைப்பரும் 2017 இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் குறுக்கிக் கேட்டது: இரு பரப்புகள் சந்திக்கும் கோடே போதாதா?

முறை எளிது, அதுவே அதன் அழகு. ஒரு பக்கம் இடைவெளி விட்டு நிற்கும் செம்புச் சதுரங்கள். இவை கொள்ளளவத் தடங்கல் தரும். மறுபக்கம் அவற்றின் எதிர்ப்படிவமான செம்பு வலை. அது தூண்டல் தடங்கல். முன்னதை இலட்சியக் காந்தச் சுவருக்கும் பின்னதை மின்சுவருக்கும் உறவாக்கி வாசிக்கலாம். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் அலை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. விளிம்பை நெருங்க நெருங்கப் புலம் கூர்மையாக எழுகிறது. ஓடும் திசை மாறினால் முனைவாக்கத்தின் சுழற்சியும் மாறுகிறது. பரந்த மீடிறன் பட்டையில் இது நிகழ்வதே உண்மையான சாதனை.

கரு முழுவதும் புதிதன்று. தட்டைப் பரப்பில் ஒற்றைப் பரிமாண அலைகளை ஹோர்ஸ்லியும் ஹூப்பரும் 2014 இலேயே கணித்திருந்தனர். பிஷாராத், சீவன்பைப்பரின் பங்கு, அந்தக் கணிதத்தை மின்–காந்த இருமையோடு, அதாவது மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று இடம் மாறக்கூடிய சமச்சீரோடு, இணைத்து நுண்ணலையில் அளந்து காட்டியதே. அது சிறியதன்று.

குறை வேறிடத்தில். பாதையில் பழுது இருந்தாலும் அலை பின்தெறிக்காது என்று சொல்லப்படுவது, அந்த இருமையைக் கெடுக்காத பழுதுகளுக்கு மட்டுமே பொருந்தும். புறக்காந்தப்புலம் தரும் பாதுகாப்பு, அதாவது அலை ஒரே திசையில் மட்டும் ஓடும் நிலை, இங்கில்லை. கோட்பாட்டில் விளிம்பருகே முடிவின்றிக் கூர்மையாகும் புலமும் நடைமுறையில் செம்புச் சதுரத்தின் அளவோடு நின்றுவிடுகிறது. கட்டுரையின் 'எல்லையற்று மெல்லிய கோடு' என்ற சொல்லை இந்த வரம்போடு சேர்த்தே படிக்கவேண்டும்.

கண்டியில் நின்று இதை எடைபோடும்போது எனக்கு இரண்டு தோன்றுகின்றன. ஹந்தானை உச்சிக் கோபுரங்களின் அன்டெனாவுக்கு வலு கொண்டுசெல்ல இது ஆகாது. புலம் ஒரு விளிம்பில் குவிவது உணரிக்கு நல்லது, பெருவலுவுக்குக் கேடு. ஆனால் பேராதனைப் பொறியியல் பீடம் போன்ற இடத்தில், செம்புப் பலகையை அரித்தெடுத்து மாணவரே செய்து அளக்கக்கூடிய பரிசோதனை இது. எல்லை நிபந்தனைகளை இவ்வளவு தெளிவாகக் கண்முன் நிறுத்தும் இன்னொன்று எளிதில் கிடைக்காது.

என் தீர்ப்பு: அலைவழிகாட்டிக்கு மாற்றாக இது இன்னும் தேறவில்லை, கருத்தாகவும் கற்பித்தலாகவும் முதல் தரம்.