மரத்தகட்டில் மணவோலை

திருமண அழைப்பிதழை மெல்லிய மரத்தகட்டிலே செய்து, அதன்மேல் நூலாற் பூவேலை இழைத்து வழங்கும் வழக்கம் வசதி படைத்தோரிடையே பரவி வருகின்றது. தாளில் அச்சிட்டது ‘சாதாரணம்’ என்றாகிவிட்ட இடத்தில், இது ‘கையாற் செய்தது’ என்னும் சிறப்புப் பெயருடன் வந்து நிற்கின்றது. இத்தகைய அலங்காரப் பொருளுக்கு இப்பக்கங்களில் இடம் ஏன் என்று நண்பர் சிலர் கேட்கலாம். நாவலையும் கவிதையையும் சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்கும் நாம், உழைப்பின் தடம் நேராகவே கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளை விலக்கி வைப்பது முறையன்று.

முதலில் மரத்தின் இயல்பைப் பார்ப்போம். துணியிலே தைப்பவளுக்குத் துணி வழிவிடுகின்றது. ஊடும் பாவுமான இழைகளை விலக்கிக்கொண்டு ஊசி நுழையும், பின்னர் இழைகள் மீண்டும் கூடிக்கொள்ளும். மரம் அவ்வாறு இணங்குவதில்லை. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத தகட்டில் ஊசியை அழுத்தினால், அது நாரோட்டத்தின் வழியே பிளந்துவிடும். எனவே, பின்புறம் ஒட்டுநாடா ஒட்டி, அடியிலே பலகையொன்றை வைத்து, நுண்ணிய துளைகளை முன்கூட்டியே இட்டாக வேண்டும். அத்துளைகளும் நாரோட்டத்தின் திசையில் நெருங்கி வரிசையாக அமைந்துவிட்டால், தபால் முத்திரையைக் கிழித்தெடுப்பதுபோலத் தகடு அந்த வரிசையிலேயே கிழிந்துபோகும். நாரோட்டம் மாறிமாறி வரும்படி தகடுகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகையைப் பலர் நாடுவதற்கு இதுவே காரணம்.

இதன் விளைவு அழகியலைச் சார்ந்தது. துணியிலே காம்புத் தையல் போடுபவள் போகிறபோக்கில் ஒரு கொடியை வளைக்கலாம், ஓர் இலையைக் கூட்டலாம். மரத்திலே கடைசித் துளை விழுந்ததும் சித்திரம் முடிந்துவிடுகின்றது. நூல் அதனை நிரப்புவதோடு சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துளையிட்ட அட்டைகளை வாங்கி, அவற்றில் வேதவசனங்களைக் கம்பளி நூலால் நிரப்பிச் சுவரில் மாட்டினார்களே, அந்த மரபின் வாரிசு என்றுதான் இதனைச் சொல்லவேண்டும். ஆயினும் கட்டுப்பாட்டிலிருந்து நயம் பிறக்காமலில்லை. எமது பார்வைக்கு வந்த மடல்களுள் ஒன்றில் மணமக்களின் பெயர்கள் தமிழில் இழைக்கப்பட்டிருந்தன. வளைவுகள் யாவும் சின்னஞ்சிறு நேர்தையல்களாக உடைந்திருந்தமையால், எழுத்துக்கு ஒரு புதிய கண்டிப்பு வந்திருந்தது. மெய்யெழுத்தின் புள்ளியோ ஒற்றை முடிச்சுத் தையலாக நின்றது. அப்புள்ளியைச் சிந்தித்தவர் கலைஞர்தாம். மற்றொன்றில் மயிலும் தாமரையுமாக நூல் மண்டிக்கிடந்தது. மரத்தின் ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. அப்படியாயின் மரம் எதற்கு?

இனி, ‘கையாற் செய்தது’ என்ற உரிமைக்கோரலுக்கு வருவோம். துளையிடும் வேலையை இன்று பெரும்பாலும் லேசர்ப் பொறி செய்துவிடுகின்றது. துளையின் விளிம்பில் தெரியும் கருகிய பழுப்பு வளையமே அதற்குச் சாட்சி. இதிலே குற்றமில்லை. சலிப்பூட்டும் வேலையைப் பொறி ஏற்பது மனிதனுக்கு நன்மையே. ஆனால் நூல் கோப்பது இன்னும் கைவேலைதான். ஒரு மடலுக்கு 2 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், 200 மடல்களுக்கு 400 மணித்தியாலம். நாளொன்றுக்கு 8 மணித்தியால வேலையெனில், ஒருத்தியின் 50 நாள்கள். மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்த்துவிட்டு, அம்மடலின் விலையில் அந்த 50 நாள்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று விசாரிப்பது நல்லது.

விடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளே மறைந்திருக்கும். ஆந்திராவின் நர்சாபூரிலே ஏற்றுமதிக்காக லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகின்றது. உலகச் சந்தைக்காக உழைத்த அப்பெண்கள் தொழிலாளராகக் கொள்ளப்படவில்லை. ஓய்வு நேரத்தைப் பயனுறக் கழிக்கும் குடும்பப் பெண்களாகவே எண்ணப்பட்டனர். அந்த எண்ணம் கூலியைத் தாழ்த்தி வைப்பதற்கு வாய்ப்பாயிற்று. ஊசி வேலையைப் ‘பெண்மைக்குரிய பொழுதுபோக்கு’ என்று புகழும்போது நாமும் அதனையே செய்கின்றோம்.

கைவினையின் இம்முரண்பாடு புதியதன்று. முதலாளித்துவம் தொழிலாளியின் மகிழ்ச்சியைப் பறித்துவிட்டதென்று முழங்கிய சோஷலிஸ்டு வில்லியம் மொரிஸ், 1896இல் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் சோசரின் நூல்களைப் பதிப்பித்தார். தாளில் 425 பிரதிகள். ஒன்றின் விலை 20 பவுண். எந்தத் தொழிலாளி அதனை வாங்கியிருப்பான்? கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலை 1908இல் இங்கிலாந்தில் அச்சிட்டது மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்திலேதான். அதுவும் 425 பிரதிகளே. கண்டி நாட்டுக் கிராமக் கைவினைஞரின் ஆற்றலை உலகறியச் செய்த அந்நூல், அக்கைவினைஞரின் கைக்கு எட்டாத பொருளாகவே பிறந்தது. இருவரின் நேர்மையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கைவேலையின் அழகை மட்டும் மீட்டெடுத்து, அதனைச் சூழ்ந்த பொருளாதார உறவுகளை அப்படியே விட்டுவிட முடியாது என்பதே அவர்கள் கண்ட இடர்ப்பாடு.

அழைப்பிலே செல்வம் பேசுவதும் பழைய கதையே. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணச் செய்தியை யானைமேல் ஏற்றிய மகளிர் வாயிலாகப் புகாருக்கு அறிவித்தவர்கள் பெருவணிகர். ஆனால் அங்கே செய்தி ஊர் முழுவதற்கும் சென்றது. வெற்றிலை பாக்கு வைத்து வாயாற் சொல்லி அழைப்பதிலும், அழைப்பவர் வாசற்படி ஏறி வந்தாக வேண்டும். மரமடலோ பெறுவோரைத் தரம் பிரிக்கின்றது: முக்கியமானவர்களுக்கு மரம், மற்றையோருக்குத் தாள். ஒரே கலியாணத்துக்கு இருவகை அழைப்பு அனுப்பப்பட்டதை நாம் அறிவோம்.

மணப்பெண்ணும் தோழியரும் மாலை நேரங்களிற் கூடியிருந்து, நாற்பது மடல்களைத் தாமே தைத்து முடித்ததையும் கண்டிருக்கின்றோம். தையல்கள் கோணியிருந்தன; ஓரிரு தகடுகள் பிளந்து பின்னால் ஒட்டப்பட்டிருந்தன. மேலே சொன்ன மயிலைவிட அவை நன்றாக இருந்தன. அங்கே உழைத்தவர்களும் மகிழ்ந்தவர்களும் ஒருவரே.

கடையில் வாங்கப்படும் மடலைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்து முடிச்சுகளும் நூல்முனைகளும் தெரியாதவாறு அழகிய தாளொன்று ஒட்டப்பட்டிருக்கும். பழைய அழைப்பிதழின் அடியிலே அச்சகத்தின் பெயர் பொடியெழுத்தில் வருமன்றோ? இங்கும் அத்தாளின் மூலையில் கடையின் பெயர் இருக்கின்றது. தைத்தவளின் பெயரைப் போட அவ்விடத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடமுண்டு.