நகைப்பும் அச்சமும்: டேவ் ஆலனின் கலைப்பணி பற்றி ஒரு சிந்தனை

பழிப்போரின் குரலிலும் திருச்சபை கேட்கவேண்டிய செய்தி உண்டோ? அயர்லாந்து நாட்டு நகைச்சுவையாளர் டேவ் ஆலனின் வாழ்க்கை இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

டேவிட் டைனன் ஓமஹோனி என்னும் இயற்பெயருடைய இவர் 1936இல் டப்ளினில் பிறந்து, கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றவர். 1960களில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் பெயர் பெற்றபின், 1971 முதல் 1979 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய ‘டேவ் ஆலன் அட் லார்ஜ்’ நிகழ்ச்சியால் பிரிட்டன் முழுவதும் அறியப்பட்டார். உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கையில் கோப்பையுடன் நிதானமாகக் கதை சொல்வது அவர் பாணி. இடையிடையே வரும் நாடகத் துணுக்குகளில் குருக்களும் கன்னியரும் அடிக்கடி தோன்றுவர். போப்பாண்டவரும் கர்தினால்மாரும் ஆடை களைந்து ஆடுவதாக 1975இல் அமைத்த துணுக்கு கடும் எதிர்ப்பை எழுப்பிற்று. 1990இல் கடிகாரத்திற்கு அடிமையாகிய மனித வாழ்வைப் பற்றிய கதையொன்றில் அவர் சொன்ன ஒரு கொச்சைச் சொல் பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

ஆலனை வெறும் தெய்வ நிந்தனையாளர் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் சொன்ன கதையொன்றைக் கருதுவோம். சிறுவன் ஒருவன் முதன்முறையாகக் கன்னியர் நடத்தும் பள்ளிக்குள் நுழைகிறான். ‘நல்ல பிள்ளையாக இருப்பாயல்லவா?’ என்று கேட்கிறார்கள். சிறுவனோ சுவரில் ஆணிகளால் அறையப்பட்டுத் தொங்கும் மனிதனைக் காண்கிறான். இங்குக் கீழ்ப்படியாதவர்க்கு நேரிடுவது இதுவே என்று அவன் எண்ணிக்கொள்கிறான். கேட்போர் நகைக்கின்றனர். இறையியல் கற்போர் நகைத்தபின் சற்று நின்று சிந்திக்கவேண்டும். மன்னிப்பின் அடையாளமாகிய சிலுவை ஒரு குழந்தைக்கு மிரட்டலாகத் தோன்றுமாயின், பிழை குழந்தையினுடையதா, அதனைக் காட்டிய முறையினுடையதா? அன்பு நிறைவடையுமிடத்தில் அச்சத்திற்கு இடமில்லை என்பதன்றோ யோவானின் போதனை (1 யோவான் 4:18)?

ஆலன் 2005இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின், 2009 மே மாதத்தில், அயர்லாந்தின் குழந்தைக் கொடுமை விசாரணை ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பல்லாண்டுகள் அடியும் அச்சமும் அனுபவித்ததை அது நாட்டின்முன் வைத்தது. ஆலன் பயின்றவை அந்நிலையங்கள் அல்ல. எனினும் அவர் கதைகளில் நிழலாடிய அச்சம் கற்பனையன்று என்பது தெளிவாயிற்று. நகைத்தவனின் நாகரிகக் குறைவை எண்ணிக் கொதித்தவர்கள், அவன் சுட்டிய புண்ணை நோக்கத் தவறினர்.

ஆயினும் ஆலனின் கலைக்கு எல்லையுண்டு. அவர் புண்ணைத் திறந்தாரேயன்றிக் கட்டவில்லை. ஆமோஸும் ஆலய வழிபாட்டை இகழ்ந்தான். ஆனால் நீதி பெருகவேண்டும் என்னும் ஏக்கத்தோடு இகழ்ந்தான். ஆலனின் நகைப்போ பெரும்பாலும் நகைப்போடு முடிந்தது. மேலும், ஆங்கில நாட்டுப் பார்வையாளர் பலருக்கு அது அயலாருடைய திருச்சபையைப் பற்றிய நகைப்பாகவே இருந்திருக்கும். அடுத்தவர் பாவத்தைக் கண்டு நகைப்பதில் மனந்திரும்புதல் இல்லை.

இவ்விடத்தில் புராட்டஸ்டண்டினராகிய நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கன்னியரைப் பற்றிய கதைக்கு நாம் எளிதில் நகைத்துவிடலாம். ஆனால் நம் ஞாயிறு பள்ளிகளில் நரகத்தைக் காட்டிப் பிள்ளைகளை அடக்கியதில்லையா? நம் பிரசங்க பீடத்திலிருந்து அச்சுறுத்தலையே அருளுரை என வழங்கியதில்லையா?

‘உங்கள் கடவுள் உங்களோடு செல்வாராக’ என்று கூறி விடைபெறுவது ஆலனின் வழக்கம். கடவுளை நம்பாதவராகத் தம்மைக் காட்டிக்கொண்டவர், ஆசீர்வாதத்தை மட்டும் கைவிடவில்லை. அந்த ஆசீர்வாதத்தை அச்சமின்றி ஏற்கத்தக்கதாக ஒரு குழந்தையின் செவியில் சேர்ப்பது நம் பணி. அதில் நாம் தவறினால், நம்மைக் கண்டு நகைப்போரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.