தொலைவில் தெரியும் வெண்புள்ளிகள்

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் தீட்டிய 'உலர்புல் வண்டி' இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. ஸ்டவர் ஆற்றின் ஆழமற்ற நீரில் ஒரு வெற்று வண்டி, கரையில் ஒரு நாய், இடப்புறம் குடியானவர் வீடு, மேலே மேகங்கள். 'நிலக்காட்சி: நண்பகல்' என்பதே அதற்கு முதலில் இட்ட பெயர். காண்போர் உள்ளத்தில் முதலில் படிவது அமைதியே.

ஆயினும் அவ்வமைதி எதனால் விளைந்தது? வலப்புற வயலின் கோடியை உற்று நோக்குக. புல்லறுக்கும் தொழிலாளர் வெண்புள்ளிகளாய்ச் சுருங்கி நிற்கின்றனர். அவர்தம் வியர்வை நம் கண்ணுக்கு எட்டவில்லை. கிழக்கு இங்கிலாந்தின் வேளாண் தொழிலாளர் 1816இலும் 1822இலும் வறுமை தாளாது கிளர்ந்தெழுந்தனர் என்பது வரலாறு. ஓவியரோ அவ்விடத்து ஆலை உரிமையாளரின் மைந்தர்.

எனவே இவ்வோவியம் பொய்யுரைக்கிறது எனலாமா? அவ்வாறு தீர்ப்பளிப்பது அவசரமாகும். இளமையில் பழகிய நிலத்தை, முன்னர் வரைந்த குறிப்போவியங்களின் துணைகொண்டு, இலண்டனில் இருந்தவாறே அவர் தீட்டினார். ஆகவே இது நினைவின் நண்பகல். பழைய அரபுக் கஸீதாக்களின் கவிஞனும் நினைவிலிருந்தே தொடங்குகிறான். ஆனால் பாழடைந்த குடியிருப்பின் தடங்களின் முன் நின்று, இழந்ததை இழந்ததாகவே சொல்லி அழுகிறான். கான்ஸ்டபிளோ இழப்பை மறைத்து, அந்நண்பகல் இன்றும் நிலைத்திருப்பதுபோல் காட்டுகிறார்.

அழகை மறுக்க வேண்டியதில்லை. அதன் விலையைச் செலுத்தியோர் எத்தொலைவில் நிறுத்தப்பட்டுள்ளனர் என்பதையும் சேர்த்துக் காண்பதே நேர்மையான இரசனை.